எலியைக் காப்பாற்றிய மருந்தை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் புதிதாகத் தயாரித்த ஆறு சேர்மங்கள் கல்லீரலை நச்சிலிருந்து காக்கின்றனவா என்று எலிகளில் சோதிப்பதுதான் என் புராஜெக்ட். நான்காவது சேர்மம், கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவில், கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சு கொடுத்த எலிகளைச் சிலிமரின் என்ற ஈரல் மருந்துக்குச் சமமாகக் காப்பாற்றியது. இதே நேரத்தில் என் அப்பாவுக்கு டி.பி. மருந்து தொடங்கி ஐந்தாவது வாரம் வாந்தி வந்தது, பசியும் போய்விட்டது. அவருக்கு 48 வயது, காருக்கு பெயின்ட் அடிக்கும் வேலை. ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. 236, பிலிரூபின் 1.6. மாத்திரையை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா 'லிவருக்கு நல்லது' என்று ஒரு பொடி டப்பா தந்திருக்கிறார். என்னிடம் என் சேர்மம் இருக்கிறது. எலியைக் காப்பாற்றியது அப்பாவைக் காப்பாற்றாதா? அவரைச் சேர்க்கிற மாதிரி எங்காவது மருந்துச் சோதனை நடக்கிறதா?

பதில்: அன்புள்ள மகளுக்கு,

வேண்டாம். அந்தச் சேர்மத்தில் ஒரு சிட்டிகைகூட அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் இந்தத் துறையில்தான் இருக்கப் போகிறீர்கள் என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுவோம்.

எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி. செல் அடிபட்டால் ரத்தத்துக்குக் கசிந்து வரும். 40 வரை இருந்தால் பொதுவாகச் சரி என்போம். அப்பாவுக்குக் கிட்டத்தட்ட 6 மடங்கு ஏறியிருக்கிறது. டி.பி.க்கு முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை. எத்தாம்பியூட்டால் மட்டும் இந்த விஷயத்தில் சாது. தொந்தரவு வருவதானால் பெரும்பாலும் இந்த முதல் இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். வாந்தி, பசியின்மை போன்ற அறிகுறிகளோடு 3 மடங்கைத் தாண்டினால், அல்லது அறிகுறியே இல்லாமல் 5 மடங்கைத் தாண்டினால், மருந்தை நிறுத்த வேண்டும் என்பது டி.பி. மருத்துவத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கோடு. உங்கள் டாக்டர்கள் அந்தக் கோட்டில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: மாத்திரையை நிறுத்தியதுதான் இன்றைக்கு அப்பாவின் ஈரலுக்குக் கிடைத்திருக்கும் மருந்து. 'ஒன்றுமே கொடுக்காமல் அனுப்பிவிட்டார்களே' என்று அவர் தவிக்க வேண்டியதில்லை.

காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் பொருள்தான் பிலிரூபின். அது 1.6 என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஹைமன் சிம்மர்மன் என்ற அமெரிக்க ஈரல் மருத்துவர் பல ஆண்டு நோயாளிகளைக் கவனித்து ஒன்றைச் சொன்னார். மருந்தால் நொதி 3 மடங்குக்கு மேல் ஏறி, அதோடு பிலிரூபினும் 2 மடங்கைத் தாண்டி மஞ்சள் காமாலை தெரிந்தால், அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பிழைப்பது கஷ்டம். புது மருந்தை அனுமதிக்கும் அலுவலகங்கள் இன்றும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எச்சரிக்கை மணி அடிக்கின்றன. அப்பா இன்னும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார். ஆனால் கிட்டத்தில் இருக்கிறார், அதனால் திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அதற்கு முன்பே கண் மஞ்சளானால், பகலில் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் குழம்பினால், ஈறிலிருந்தோ வாந்தியிலோ ரத்தம் வந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டில் நான்கு மருந்தும் சேர்ந்த மாத்திரை அட்டை மீதம் இருக்கும். வாந்தி நின்றதும் 'சரியாகிவிட்டதே, டி.பி. முற்றிவிடுமே' என்று அப்பாவே எடுத்துப் போட்டுக்கொள்வார். இப்படி நடந்து மறுபடி படுத்தவர்கள் உண்டு. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நொதி இறங்கிய பிறகு டாக்டர்கள் மருந்துகளைச் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். எது குற்றவாளி என்று அப்போதுதான் பிடிபடும். அதுவரை டி.பி. கட்டுக்குள் இருக்க, ஈரலைத் தொடாத வேறு மருந்துகளைத் தருவதும் உண்டு. இன்னும் மூன்று விஷயங்களை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பா குடிப்பாரா, எவ்வளவு. உடம்பு வலிக்கு என்னென்ன மாத்திரை வாங்கிப் போடுகிறார். பட்டறையில் எந்தத் தின்னர். பெயின்ட் டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஹெபடைட்டிஸ் பி பார்த்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

சரி, இப்போது உங்கள் எலிகளுக்கு வருவோம்.

உங்கள் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். சேர்மத்தை எந்த நாளில் கொடுத்தீர்கள், நஞ்சை எந்த நாளில் கொடுத்தீர்கள்? பார்க்காமலே சொல்கிறேன்: ஏழு நாளோ பத்து நாளோ சேர்மத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியில் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து, மறுநாள் ரத்தமும் ஈரலும் எடுத்திருப்பீர்கள். நம் நாட்டு மருந்தியல் கல்லூரிகளில் பெரும்பாலும் இதே வரிசைதான். அதாவது நஞ்சு உள்ளே போகும்போது காவல்காரர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். உங்கள் அப்பாவுக்கு அப்படி இல்லை. நஞ்சு ஐந்து வாரமாக உள்ளே வந்து வேலையை முடித்திருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கொருக்குப்பேட்டையில் இருந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் வாசலில் மணல் மூட்டை அடுக்குவது ஒன்று, கட்டிலுக்கு மேல் ஏறிவிட்ட பிறகு அடுக்குவது இன்னொன்று. மூட்டை அதேதான், ஆனால் உபயோகம் அதே இல்லை.

ஈரல் காக்கும் மருந்து என்று யார் எதைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: முன்னால் கொடுத்தீர்களா, பின்னால் கொடுத்தீர்களா?

இதற்குள் இன்னும் நுட்பமான பள்ளம் ஒன்று இருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே இருந்தால் பெரிய கேடு செய்யாது. ஈரலில் இருக்கும் சைட்டோகுரோம் 2இ1 என்ற நொதி அதை உடைத்து, டிரைகுளோரோமீத்தைல் என்ற, எதையும் தாக்கும் வேதித் துணுக்காக (ஃப்ரீ ரேடிகல்) மாற்றுகிறது. செல்லின் கொழுப்புச் சவ்வை அரிப்பது அதுதான். இந்தத் திரவத்தை ஒரு காலத்தில் துணி சலவைக்கும் தீயணைப்புக் கருவிகளுக்கும் பயன்படுத்தினார்கள். அதைக் கையாண்ட மனிதர்களின் ஈரல் கெட்ட அனுபவத்தோடுதான் அது ஆய்வகத்துக்குள் வந்தது. ஆக, நஞ்சாவதே ஈரல் நொதியால்தான் என்றால், அந்த நொதியை முடக்கும் எந்தப் பொருளும் எலியைக் 'காப்பாற்றும்'. ஈரல் செல்லை அது வலுப்படுத்தவில்லை. நஞ்சு தயாராகும் அடுப்பை அணைத்தது, அவ்வளவுதான். வேறு வழியில் தாக்கும் இன்னொரு நஞ்சு வந்தால் அதே பொருள் கைகட்டி நிற்கும். ஐசோனியாசிட்டின் சேதம் அசிட்டைலேற்றம் என்ற வேதி மாற்றம், ஹைட்ரசின் என்ற நச்சுப் பொருள் என்று வேறு பாதையில் போகிறது. உங்கள் சேர்மம் அந்தப் பாதையை எட்டிப் பார்த்ததே இல்லை.

இந்தப் பள்ளத்தில் நானே விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பாரசிட்டமால் கொடுத்த சுண்டெலிகளில் ஒரு சேர்மத்தைச் சோதித்தேன். தண்ணீரில் கரையவில்லை, அதனால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தேன். ஒப்பீட்டுக்கு வைத்த எலிகளுக்கு உப்புநீர் கொடுத்தேன். முடிவு கண்ணைப் பறித்தது. நொதி ஏறவே இல்லை, ஸ்லைடில் ஈரல் பளிங்கு மாதிரி இருந்தது. அம்மாவிடம், ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டில் அவர் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். ஏழு மாதம் அந்த நம்பிக்கையில் ஓடியது. பிறகு என் மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கரைப்பானை மட்டும் கொடுத்த எலிகள் எங்கே?" அப்படி ஒரு குழுவே நான் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தால், டி.எம்.எஸ்.ஓ. மட்டும் கொடுத்த எலிகளும் அதே அளவு நன்றாக இருந்தன. சைட்டோகுரோமை முடக்குவது டி.எம்.எஸ்.ஓ.வின் குணம். என் சேர்மம் எதையும் செய்யவில்லை. அத்தனை எலிகளை வீணாகக் கொன்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்: நீங்கள் எதில் கரைத்தீர்கள்? அதை மட்டும் கொடுத்த குழு இருக்கிறதா?

பின்னால் கொடுத்தும் காப்பாற்றும் மருந்து உலகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களை அவநம்பிக்கையில் தள்ளியவன் ஆவேன். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும் என்பது உங்களுக்குத் தெரியும். சரியான அளவில் பெரும்பகுதி பத்திரமாகக் கழிந்துவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் அதே 2இ1 நொதியால் நஞ்சாகிறது. அந்த நஞ்சைக் குளூட்டாதயோன் என்ற பொருள் பிடித்து அடக்குகிறது. அளவு மீறும்போது குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்து போய், நஞ்சு செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. 1973இல் இந்தச் சங்கிலியைச் சுண்டெலிகளில் கண்ணி கண்ணியாகக் கண்டுபிடித்தார்கள். தீர்ந்த கையிருப்பை நிரப்பினால் போதுமே என்ற யோசனை அதிலிருந்துதான் வந்தது. எடின்பரோவில் பிரெஸ்காட் என்ற மருத்துவரின் குழு அந்தப் பத்தாண்டிலேயே என்-அசிட்டைல் சிஸ்டீனை நோயாளிகளுக்கு நரம்பு வழி கொடுத்துக் காட்டியது. மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் அநேகமாகத் தப்பிவிடும். தாமதமாக ஆகப் பலன் குறையும். இது வென்றதற்குக் காரணம் நஞ்சின் பாதையை முதலில் புரிந்துகொண்டது. ஆனால் இவ்வளவு நல்ல மருந்துக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது பாருங்கள்.

அதே மருந்தை டி.பி. மாத்திரையால் ஈரல் கெட்டவர்களுக்குக் கொடுத்து தென்னாப்பிரிக்காவில் முறையாகச் சோதித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. நொதி சீக்கிரம் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கும் நாள்கள் மட்டும் குறைந்தன. அப்பாவுக்கு இது தேவையா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். தீர்மானம் அவருடையதாக இருக்கட்டும்.

சிலிமரினை எல்லா எலி ஆய்விலும் அளவுகோலாக வைக்கிறோம். அதற்குச் சமம் என்று வந்தால் சந்தோஷப்படுகிறோம். அந்த அளவுகோல் மனிதரில் என்ன செய்தது என்று நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் அமெரிக்காவில் வழக்கத்தைவிட அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவின்படி வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. டி.பி. மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. விஷக் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஐரோப்பாவில் ஊசியாகப் போடுகிறார்கள், அது தனிக் கதை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அப்பா சிலிமரின் சாப்பிடட்டும், பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதைச் சாப்பிடுகிறோம் என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

அம்மாவின் கீழாநெல்லியைப் பற்றிப் பேசும்போது நான் ஒருபோதும் இளக்காரமாகப் பேசமாட்டேன். உலகத்தின் கண்ணை இந்தச் செடியின் மேல் திருப்பியதே நம் சென்னைதான். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க் நம் ஊர் ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தார். பேராசிரியர் தியாகராஜன் குழுவின் ஆய்வு 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எவ்வளவு பெரிய வித்தியாசம்! அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்களுக்கெல்லாம் தரையில் கால் படவில்லை. ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, 1990இல் அதே இதழில் அதை எழுதினார்கள். செடியின் ரகமா, விளைந்த மண்ணா, பறித்த பருவமா, வைரஸின் வகையா என்று விவாதம் நீண்டது. செடி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே ஊரில் ஒரே தடவை கிடைத்த முடிவு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மருந்தாவதற்குப் போதாது. தவிர, அந்த ஆய்வு வைரஸைப் பற்றியது. அப்பாவுக்கு வந்திருப்பது மாத்திரையின் அடி.

அம்மாவிடம் கண்டிப்பாகப் பேசாதீர்கள். 'இரண்டு வாரம் நிறுத்தி வைம்மா, எதனால் நொதி ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று டாக்டருக்குத் தெளிவாகத் தெரியணும்' என்று சொல்லுங்கள். நியாயமான காரணம் அது, அவருக்குப் புரியும். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தானே அரைக்கிறார்? அப்பாவுக்குக் குமட்டாத கஞ்சியும், வாய்க்குப் பிடித்த ஆகாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் வேலை இருக்கிறது. டி.பி.யில் உடம்பு இளைத்தவருக்கு அது சின்ன வேலை இல்லை.

அந்தப் பொடி டப்பா விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகவே இருப்பேன். இன்றைக்கே மூடி வையுங்கள். இயற்கை என்றால் ஈரலுக்கு இதம் என்பது உண்மை இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் கஷாயமும் மாத்திரையும் குடித்து ஈரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அதாவது பெயர் தெரிந்த செடியே அப்படிச் செய்யும். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத டப்பாவில் செடி மட்டும்தான் இருக்கிறதா, ஈயமோ பாதரசமோ வலி மாத்திரையோ கலந்திருக்கிறதா, யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே அடிபட்ட ஈரலில் அதைச் சோதிக்கக் கூடாது.

இனி உங்கள் சேர்மம். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தீர்கள். உடல் பரப்பை வைத்து மனித அளவுக்கு மாற்ற ஏறக்குறைய 6.2ஆல் வகுக்கிறோம். கிலோவுக்கு 32 மில்லிகிராம் வருகிறது. 60 கிலோ ஆளுக்குத் தினம் சுமார் 1.9 கிராம். உங்கள் கல்லூரியில் ஒரு தடவைக்குத் தயாராவதே சில கிராம்தானே? அந்தச் சில கிராமில் தயாரிப்பின்போது பயன்படுத்திய கரைப்பானோ வினையூக்கியின் உலோகமோ எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தீர்களா? எலி ஒரு வாரம் பிழைத்தது என்பதைத் தவிர அதைப் பற்றி நமக்கு வேறு எதுவும் தெரியாது.

ஒரு வாரம் பிழைப்பது போதாது என்று இந்தத் துறை மிகவும் வலித்துக் கற்றுக்கொண்டது. ஃபியாலுரிடின் என்று ஒரு மருந்து, ஹெபடைட்டிஸ் பி-க்காக உருவானது. விலங்குகளில் பார்த்தார்கள், பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. 1993இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். முதல் வாரங்களில் வைரஸ் குறைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு மாதம் தாண்டியபோது ஒருவருக்கு ஈரல் செயலிழந்தது. உடனே எல்லோருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். ஏழு பேருக்கு ஈரல் செயலிழந்தது, ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேரை மாற்று ஈரல் வைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை மெதுவாக அரித்திருக்கிறது அந்த மருந்து. ஈரல் நோயைத் தீர்க்க வந்த மருந்து, அம்மா. கொடுத்தவர்கள் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள், எல்லா விதியையும் மதித்தவர்கள். ஆய்வகச் சேர்மத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்த 15 பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

மருந்துச் சோதனையில் சேர்க்க முடியுமா என்று கேட்டீர்கள். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் எந்த மருந்துச் சோதனையையும் ஆள் சேர்ப்பதற்கு முன்பே தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். இணையத்தில் யாரும் தேடலாம், நீங்களே தேடிப் பார்த்து, ஏதாவது பொருந்தினால் அந்தப் பதிவு எண்ணோடு அப்பாவின் டாக்டரிடம் போங்கள். நேராகச் சோதனை நடத்துபவரிடம் போக வேண்டாம். 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஒப்புதல் படிவம் அப்பாவுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. பணம் தருகிறோம், கையெழுத்துப் போட்டால் போதும் என்று தெருவில் யாராவது ஆள் பிடித்தால் பக்கத்தில் போகாதீர்கள். நம் பக்கத்து ஏழை ஜனங்களிடம் அப்படி வருகிறவர்கள் எப்போதும் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் புராஜெக்ட் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வீணே இல்லை. எலி பேஸ்ட் விஷயத்தைப் பாருங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பேஸ்ட்டால் ஈரல் செயலிழந்து தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அழிந்த பிறகுதான் அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. பழைய ட்யூப் இன்னும் வீடுகளில் கிடக்கும். தேங்காய்ச் சில்லில் தடவி வைத்ததைக் குழந்தை எடுத்து வாயில் போட்டுவிடும். முதல் நாள் குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும், ஈரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் வாயில் பட்டது தெரிந்த உடனே, குழந்தை நன்றாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த நஞ்சுக்கு இன்றுவரை முறிவு மருந்து கிடையாது. நஞ்சு உள்ளே போன பிறகு கொடுத்து, ஈரலைக் காப்பாற்றும் ஒரு சேர்மத்துக்காக நம் ஊர் காத்துக்கொண்டிருக்கிறது. அதை உங்களைப் போல ஒருவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் உங்கள் வழிகாட்டியிடம் பேசி, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கூடுதல் எலிகளுக்கு அனுமதி கேளுங்கள். நஞ்சை முதலில் கொடுத்து, சேர்மத்தை 2 மணி, 6 மணி, 12 மணி நேரம் கழித்துக் கொடுங்கள். கரைப்பான் மட்டும் ஒரு குழு, நஞ்சே இல்லாமல் சேர்மம் மட்டும் ஒரு குழு. ஆரோக்கியமான எலிக்கு அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டாமா? ஈரல் ஸ்லைடைப் பார்ப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது, எண் மட்டும் எழுதிக் கொடுங்கள். உங்கள் சேர்மம் அந்த நொதிப் பரிசோதனையையே தடுத்து எண்ணைக் குறைத்துக் காட்டுகிறதா என்று சோதனைக் குழாயில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அது அரை நாள் வேலை. பின்னால் கொடுத்தபோது பலன் இல்லை என்று வந்தால், அதையும் அப்படியே ஆய்வேட்டில் எழுதுங்கள். மார்க் குறையும் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், உங்கள் வழிகாட்டிக்கு நானே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பழைய ரத்தச் சீட்டு, பெயின்ட் டப்பா போட்டோ, அக்கா தந்த பொடி டப்பா மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டப்பாவை மறைக்காமல் டாக்டர் மேசையில் வையுங்கள். அப்பாவின் புது எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.